வித்துராவில் ஓடும் பூட்டான் நேரம்

கேரளத்து மலையடிவாரத்தில், வித்துரா சந்தையை ஒட்டி என் நண்பன் தங்கராஜ் ஒரு சாயாக்கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையின் சுவர்க் கடிகாரம் எப்போதும் அரை மணி முந்தி ஓடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் பார்த்துப் பதறி ஓடுவார்கள். பிறகு திரும்பி வந்து அவனைத் திட்டுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே சாயா ஆற்றுவான். முள்ளைத் திருப்பி வைத்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பொன்முடிக்கு பைக்கில் போகிற வழியில் ஒரு பெண் மழைக்கு ஒதுங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

“சேட்டா, இது பூட்டான் டைமல்லே?”

தங்கராஜின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. எனக்கோ எழுந்து கூவலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள்!

அவளுடைய நனைந்த மழைக்கோட்டிலிருந்து ஒரு ரப்பர் வாடை வந்தது. அந்த வாடைதான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. பல வருடம் முன்பு நானும் தங்கராஜும் பூட்டான் போனபோது எங்கள் மேலும் அதே வாடை. என் வண்டியில் கூடுதலாக நெத்தோலி வாடையும் உண்டு. மீன்காரர் ஒருவரிடம் மூன்றாம் கையாக வாங்கிய நூறு சிசி வண்டி அது. என்ன போட்டுக் கழுவினாலும் வெயில் ஏறினால் மணக்கும். ஆந்திராவில், ஒடிசாவில், வங்காளத்தில், நிறுத்திய இடத்திலெல்லாம் பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு அது ஒன்றுதான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பிறகு லாரி கிளீனர், பெயிண்டர், லாட்ஜில் வாளி தூக்குகிற ஆள். தங்கராஜ் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்போது திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். போனக்காடு போகிற வழியில் காட்டுச் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. காவலுக்குப் புதிதாக யார் வந்தாலும் தங்கராஜிடம் பேரெழுதச் சொல்லி நோட்டை நீட்டுவார்கள். “சொந்த வீட்டுக்குப் போக பேரெழுதிப் போறவன் லோகத்துல நான் ஒருத்தன்தான்லே” என்பான். வெளிநாட்டுக்குச் சொந்த வண்டியில் போகலாம் என்று நான் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “அங்க எத்தன நோட்டுல எழுதணும்?”

பன்னிரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஜெய்காவ் வந்து சேர்ந்தோம். இந்தியாவின் கடைசி ஊர். கடைத்தெரு நடுவில் வண்ணம் பூசிய பெரிய வாசல். அந்தப் பக்கம் பூட்டானின் புன்ட்ஷோலிங். ஜனங்கள் காய்கறிப் பையோடு போகிறார்கள், வருகிறார்கள். நாங்களும் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனோம். ஒருவரும் எதையும் கேட்கவில்லை. தங்கராஜ் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். “ஏலே, கேட்டுல ஆளு நிக்கான், ஒண்ணும் கேக்கல பாத்தியா!”

அந்த ஊருக்குள் சுற்றத் தாள் வேண்டாம். மலையேறித் திம்பு போகத்தான் ஆளுக்கு ஒரு பர்மிட், பிறகு வண்டிக்கு ஒரு பர்மிட். ஆள் பர்மிட் கொடுக்கும் கவுண்டரில் இருந்த அம்மா தங்கராஜின் வாக்காளர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். என்னிடம் அது இல்லை. பேர் சேர்க்க வந்த நாளில் நான் வீட்டில் இருந்திருந்தால்தானே! லைசன்ஸை நீட்டினேன். செல்லாது, பக்கத்தில் இந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கே அடையாளச் சீட்டு வாங்கி வாருங்கள், ஐந்து மணி வரை இருப்பேன் என்றார்.

ஓடினேன். லைசன்ஸ் படத்தில் மீசை இருந்தது, முகத்தில் தாடி இருந்தது. ஒருவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு சீட்டு தந்தார். என் போனில் மணி நாலேகால்.

“இனியும் முக்கா மணி உண்டு. ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாம்லே” என்றான் தங்கராஜ். தம்பானூர்க்காரனுக்கு எந்த ஆபீஸ் வேலையும் சாயாவில்தான் தொடங்கும். வாசல் தாண்டி ஜெய்காவில் ஒரு கடையில் நிதானமாகக் குடித்தோம். திரும்பும்போது போனில் நாலு முப்பத்தெட்டு. கவுண்டர் அடைத்திருந்தது. உள்ளே சுவரில் மணி ஐந்து எட்டு.

அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் நேரம் நம்மைவிட அரை மணி முந்தியது. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள்வரை நின்றால் தங்கராஜின் லீவு தீர்வதற்குள் தம்பானூர் போய்ச்சேர முடியாது. அவன் முதலாளிக்கு போன் போட்டான். குரல் எனக்கே கேட்டது.

“எடா, சொன்ன தேதிக்கு பரோட்டாக் கல்லு முன்னால நீ இல்லெங்கில் வேற ஆளு நிப்பான், கேட்டியா?”

“செரி முதலாளி” என்று போனை வைத்தான். வண்டியைத் திருப்பலாம் என்று நான் சாவியை எடுத்தேன். அவன் பிடுங்கிக்கொண்டான்.

“பரோட்டா எங்கயும் அடிக்கலாம்லே. திங்கக்கெழம வரட்டும்.”

அந்த இரண்டு நாளில் அந்த வாசலை இருபது தடவையாவது தாண்டியிருப்போம். அங்கே போய் ஒரு வாழைப்பழம், இங்கே வந்து ஒரு சாயா. ஒவ்வொரு தடவையும் தங்கராஜ் தன் வாட்சை அரை மணி முன்னே திருப்புவான், பின்னே திருப்புவான். படுத்தது ஒரு லாரி ஷெட்டில். கொசு எங்களைத் தின்றது.

திங்கட்கிழமை ஆள் பர்மிட் கிடைத்தது. வண்டி பர்மிட் ஆபீஸில் ஒருவர் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகை சர்ட்டிபிகேட் எல்லாம் பார்த்துவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்தார். “என்ன கொண்டுபோகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். “மச்லி சார், ஆனா பழைய மச்லி” என்று மீனுக்கு எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சிரித்தபடியே முத்திரை குத்தினார். தாளில் எங்கள் நெடுமங்காடு நம்பர், KL 21! அதைப் பாலிதீன் உறையில் போட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டு மலையேறினோம். முதல் வளைவில் மூடுபனிக்குள் நுழைந்ததும் தங்கராஜ் வாய்விட்டுக் கத்தினான். நானும் கத்தினேன். என்ன கத்தினோம் என்று கேட்காதீர்கள்.

திரும்பி வந்தபோது கல்லின் முன்னால் வேறு ஆள் நின்றார். தங்கராஜ் மூன்று மாதம் சும்மா இருந்து, பிறகு இந்தக் கடையைப் போட்டான். முதல் நாளே கடிகாரத்தை மாட்டி, முள்ளை அரை மணி முன்னே தள்ளி வைத்தான்.

அந்தப் பெண் போன மாதம்தான் பூட்டான் போய்வந்தாளாம். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை. பர்மிட்டுக்குப் போனிலேயே எல்லாம் பதிந்துவிட்டுப் போனேன் என்றாள். தங்கராஜ் சாயாவை வைத்துவிட்டு அவள் எதிரே குனிந்து நின்றான்.

“அந்த வாசலு எப்படிம்மா இருக்கு? சும்மா அங்கயும் இங்கயும் நடக்கலாம்ல?”

“இல்ல சேட்டா. நடந்து போறவங்களுக்கு இப்போ வேற பில்டிங். கியூ நின்னு ஐடி காட்டணும்.”

“ஒரு சாயா குடிக்க இந்தப் பக்கம் வரதுன்னா?”

“திரும்பிப் போறப்போ பின்னேயும் கியூதான்.”

தங்கராஜ் நிமிர்ந்தான்.

“அப்போ அங்கயும் பேரெழுதணும்” என்றான். என்னைப் பார்த்துச் சொன்னான். பிறகு அவளிடம் காசு வாங்க மறுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனான். மழை விட்டிருந்தது. வெளியே நின்ற இரண்டு பேர் கடிகாரத்தை எட்டிப்பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.