இங்க் ஃபில்லரில் பால்

எங்கள் மூத்த பெண் எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம். சீமந்தத்துக்கு நாள் குறித்து, உறவுக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தோம். அதற்கு நான்கு நாள் முன்னால், காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. மின்சார ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் ஓடிப் போய்க் குதிரை வண்டி பிடித்துவந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் வண்டிக்காரரிடம் மட்டும்தான் பேசினார்.

மத்தியானம் குழந்தை பிறந்தது. மூன்று பவுண்டுகூட இல்லை. அழுகை என்று சொல்ல முடியாது, விக்கல் மாதிரி ஏதோ சத்தம் கேட்டது. முகத்தை மட்டும் விட்டு, உடம்பு முழுக்கப் பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பைகளை வைத்து, தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள்தான் எனக்குக் காட்டினார்கள். தோளெல்லாம் பூனைமுடி. நகம் விரல் நுனிவரை வளர்ந்திருக்கவில்லை. பஞ்சு பட்டு ஒரு காது மடங்கியிருந்தது. நான் நிமிர்த்திவிடும்வரை அது மடங்கியபடியே இருந்தது.

வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா நடு வயதுக்காரர், கறாரானவர். "இவளுக்கு உறிஞ்சத் தெரியாது. நீ பாலைப் பீச்சிக் கொடும்மா, நான் சொட்டுச் சொட்டா விடறேன். புதுசா ஒரு இங்க் ஃபில்லர் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். என் கணவர் தென்னூரில் ஒரு கடையில் கேட்டிருக்கிறார். எந்தப் பேனாவுக்கு என்று கடைக்காரர் கேட்டாராம். மூன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் எனக்குக் குளிர்ஜுரம் வந்தது. பால் நின்றுபோயிற்று. டப்பாப் பால் இந்தக் குழந்தைக்குச் செரிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். குளுக்கோஸ் தண்ணீரை மட்டும் கொடுத்தார்கள். குழந்தை பிறந்தபோது இருந்த எடையிலும் குறைந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பாலக்கரைப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். தலையணைக்கடியில் ஜெபமாலை வைத்திருந்தாள். புருஷன் தையல்காரர். நிறைமாதப் பிள்ளை, பிறக்கும்போதே உயிரில்லை. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு வீங்கியிருந்தது. திரைக்குப் பின்னால் போய்ப் பீச்சிக் கொட்டிவிட்டு வருவாள். நான்காம் நாள் காலை அப்படி வந்தவள் தன் கட்டிலுக்குப் போகாமல் என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. கொட்டுறதுக்கு மனசு வரலைங்க. உங்க பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

எனக்கு முதலில் தோன்றியது, மாமியார் என்ன சொல்லுவார் என்பதுதான். குழந்தையின் உயிர் அதற்கப்புறம்தான் தோன்றியது. இதை எழுதும்போது கூசுகிறது. "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேனே" என்றேன். "சரிங்க" என்று போய், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "டாக்டர் என்ன சொல்றார்?" என்றார்.

"வேற வழி இல்லேங்கறார்."

"அப்போ என்னை எதுக்குக் கேக்கறே? காலம்பறவே குடுத்திருக்கலாமே" என்றார். அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிறகு அவள் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்று கைகூப்பி, "ரொம்ப உபகாரம்மா" என்றார். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆத்துல நானே சொல்லிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார், மாமியார் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாளிலிருந்து சாப்பாட்டுக் கேரியரில் ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கும் அதிலிருந்தே பரிமாறினேன்.

இரண்டு மணிக்கொரு தரம் அவள் டம்ளரில் பால் எடுத்துக் கொடுப்பாள். நர்ஸம்மா சொட்டுச் சொட்டாக விடுவார். ஐந்தாம் நாள் மத்தியானம் அவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பால் புரையேறிக் குழந்தையின் முகம் நீலமாகிவிட்டது. நர்ஸம்மா சட்டென்று அதைக் கவிழ்த்து, உள்ளங்காலில் விரலால் சுண்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை குழந்தை வாய் திறந்து அழுதது.  பாலக்கரைப் பெண் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள ஒரு தடவைகூட அழலீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பவேண்டும். வயிற்றில் வலி இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாள். நர்ஸம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அப்படியே எழுதிக்கொண்டார். அப்படி அவள் கூடுதலாகத் தங்கிய நாலைந்து நாளில் எனக்கு ஜுரம் விட்டு, பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது.

கிளம்பும்போது அவள் குழந்தையைத் தூக்கக் கேட்கவில்லை. பஞ்சை விலக்கிக் குதிகாலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "போயிட்டு வரேங்க்கா" என்றாள்.

நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று எங்கள் பெண் ஸ்ரீரங்கம் வந்து சேர. ஒன்றரை வயதில்தான் நடந்தாள். அவள் நடந்ததும், நர்ஸம்மாவிடம் பால் கொடுத்தவளின் விலாசம் கேட்டுக்கொண்டு பாலக்கரைக்குப் போனோம். அவள் மடியில் இரண்டு மாதப் பையன் இருந்தான். புருஷன் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவந்தார். நாங்கள் இருவரும் பல் முளைப்பதைப் பற்றியும் வேர்க்குருவைப் பற்றியும் பேசினோம். ஆஸ்பத்திரிப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் பெண் தையல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் கணவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தோம்.