பத்துக்கு இரண்டு

பெண்கள் பள்ளியின் நர்ஸ் இருபது வருடம் மாத்திரையையும் வெந்நீர்ப் பையையும் நம்பிக் காலம் தள்ளியவர். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு ஆளே மாறிப்போனார். மாதவிலக்கு வலியோடு வரும் பிள்ளைகளைப் படுக்க வைத்து, வயிறு ஏறி இறங்க மூச்சு விடச் சொல்வார். கால் விரலில் தொடங்கி உடம்பை ஒவ்வோர் இடமாகத் தளர்த்தச் சொல்வார். வலியை ஒரு பந்தாக நினைத்து அதன் காற்றை இறக்கிவிடச் சொல்வார். பத்துக்கு எத்தனை வலி என்று முன்னும் பின்னும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வார்.

சும்மா சொல்லக் கூடாது, பலருக்குப் பலன் இருந்தது. பயத்தில் உடம்பை முறுக்கிக்கொண்டு வந்தவர்கள் எழுந்து வகுப்புக்குப் போனார்கள். அதிலும் பத்தாம் வகுப்பில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பெண், ஏழு மாதமாக மாதாமாதம் எட்டில் வந்து இரண்டில் போய்க்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தை மட்டும் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் விரித்துக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார் நர்ஸ்.

அன்றும் நெட்டை கண்ணை மூடி அமைதியாகத்தான் படுத்திருந்தாள்.

"இப்ப எவ்வளவுடா கண்ணு?"

"ரெண்டு சிஸ்டர். கிளம்பட்டுமா?"

போர்வையை மடிக்கப் போன நர்ஸின் கை நின்றது. நெட்டையின் இரண்டு உள்ளங்கையிலும் நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இதுவா ரெண்டு? நிஜத்தைச் சொல்லு."

நெட்டை கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "எட்டுதான். எப்பவுமே எட்டுதான். நீங்க இவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றீங்க. குறையலைன்னா உங்க முகம் வாடிப் போயிடுமே."

நர்ஸுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஏழு மாதம்! தன் வலியோடு இவர் மனசையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது அந்தக் குழந்தை.

உடனே நெட்டையின் அம்மாவுக்குப் போன் போட்டு, இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே சிஸ்டர்? இதுக்குப் போயி டாக்டரா?"

"நானும் அப்படித்தாம்மா இருந்துட்டேன். தப்பு என் மேல. நீங்க வாங்க, நானும் கூட வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நெட்டை பழக்கத்தில் மூச்சை இழுத்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தாள்.

"அது உனக்கு உதவுதா?"

"பயம் கொஞ்சம் குறையுது. வலி அப்படியேதான் இருக்கு. கத்தணும்போல இருக்கு சிஸ்டர்."

"அப்ப கத்து."

"பக்கத்துல பரீட்சை நடக்குதே?"

"நடந்தா நடக்கட்டும்."

நெட்டை கத்தினாள். தலைமையாசிரியை பதறி ஓடிவந்து கதவைத் தட்டினார். நர்ஸ் எழுந்து போய்த் திறக்கவில்லை. நெட்டையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கத்தணுமா? கத்துடா" என்றார்.