சீட்டில்லாத ஓடுகள்

எனக்குப் பத்து வயதில் அம்மா செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்களோடுதான் சித்தப்பாவும் இருந்தார். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்தவர். பழங்காலப் பானை ஓடுகளில் ஒரு துணுக்கை இடித்துப் பொடியாக்கி, அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, எந்த ஊர் மண்ணில் செய்த பானை என்று கண்டுபிடிப்பார். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை மூடுவதற்கு முன் அந்தப் பக்கம் பொறுக்கிய ஓடுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் அதை எடுத்த ஊரின் பெயரெழுதிய சீட்டு கட்டியிருக்கும். சோற்றை மறந்தாலும் டின்னை மறக்கமாட்டார். "மனுசர் பொய் சொல்லுவினம். மண் சொல்லாது" என்பார்.

ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

"கெதியா அந்தச் சீட்டெல்லாத்தையும் கழட்டி அடுப்பில போடு பிள்ளை," என்றார் அம்மா. "ஊர்ப் பேரைக் கண்டாங்களெண்டால் புலியெண்டு சித்தப்பாவைக் கொண்டுபோயிடுவாங்கள்."

மண்தான் எல்லாம் சொல்லுமே, சீட்டு எதற்கு என்று நானும் சந்தோசமாகவே கத்தரித்து அடுப்பில் போட்டேன்.

வந்தவர்கள் டின்னைத் திறக்கவேயில்லை. சித்தப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது போதுமாம். பதினெட்டு வருடம் கொழும்பில் இருந்து, இவர்களுடைய பிள்ளைகளுக்கும் படிப்பித்த மனிதரை ஈரத் தலையோடு ட்ரக்கில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மாலை விட்டார்கள். வீட்டுக்கு வந்த சித்தப்பா முதலில் டின்னைத்தான் திறந்தார்.

"ஆர் இதைச் செய்தது?"

அம்மா தலை நிமிராமல் தேங்காய் திருவினார்.

"நான்தான்," என்றேன். "மண்தானே சொல்லும் எண்டனீங்கள்."

கன்னத்தில் அறை விழுந்தது. சித்தப்பா என்னை அடித்தது அந்த ஒரு நாள்தான்.

"எங்க செய்தது எண்டுதான் மண் சொல்லும். எங்க கிடந்தது எண்டு ஆர் சொல்லுறது? அது தெரியாட்டி இதெல்லாம் வெறும் உடைஞ்ச சட்டி."

அம்மா திருவிய தேங்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சித்தப்பா டின்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார், வெறுங்கையோடு திரும்பினார்.

அம்மாவின் பயம் இப்போது விளங்குகிறது. தான் சொன்னதற்கு என்னை அடிவாங்க விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சித்தப்பா ஏன் அப்படி அடித்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பொலிஸ் நிலையத்தில் ஒரு நாள் முழுக்க அவரிடமும் எந்த மண் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.