ஏட்டையா டீக்கடை

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. திண்டுக்கல்லில் போலீஸ் ஏட்டாக இருந்த நான், வேலையை ராஜினாமா செய்துவிட்டு, பழனி ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை வைத்தேன்.

கேள்விப்பட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு மூன்றும் பெண் குழந்தைகள். "இன்னுங் கொஞ்ச வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா பென்சன் வரும். இம்புட்டு வயசுக்கு மேல எதுக்குங்க இந்த விஷப்பரீட்சை?" என்று அழுதாள்.

நான் கேட்கவில்லை. காரணத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ரோந்து போகும்போது தூரத்திலேயே டீக்கடைச் சிரிப்பு காதில் விழும். அரசியல், சினிமா, மாடு வாங்கி ஏமாந்த கதை என்று ஒரே கும்மாளமாக இருக்கும். என் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே கப்சிப். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கடைக்காரர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எனக்காகப் பெஞ்சைத் துடைப்பார். பதினெட்டு வருடம் போல இதே கதைதான். நான் அடிதடி ஏட்டு இல்லை. ஊரில் எல்லோருக்கும் என்மேல் பிரியம் என்றே நம்பியிருந்தேன். இந்தக் காக்கிதான் குறுக்கே நிற்கிறது, அதைக் கழற்றிப் போட்டால் நானும் அந்தப் பெஞ்சில் ஓர் ஆளாகிவிடலாம் என்று ஓர் ஆசை. அதற்காகப் பென்ஷனை விட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முருகன் பேரில் போர்டு எழுதி மாட்டினேன். ஊர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'ஏட்டையா டீக்கடை' என்றே பேர் நிலைத்துவிட்டது. வியாபாரம் ஒன்றும் மோசமில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டம் இருந்தது. ஆனால் யாரும் உட்காரவில்லை. நின்றபடியே வாங்கி, சுடச்சுட ஊற்றிக்கொண்டு, காசை வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். டீயில் குறையோ என்று பால்காரரை மாற்றினேன். பெஞ்சு ஆடுகிறதோ என்று புதுப் பெஞ்சு வாங்கிப் போட்டேன். தினமும் பேப்பர் வரவழைத்தேன். அதைப் படித்தது நான் மட்டும்தான்.

பேச்சை நானே ஆரம்பித்து வைக்கலாம் என்று, வருகிறவர்களிடம் ஊர் விசாரிக்கத் தொடங்கினேன். உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒரு நாள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "ஏங்க, இப்படியா கேப்பாக? ஸ்டேசன்ல உக்கார வச்சுக் கேக்குற மாதிரில்ல இருக்கு!" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று அவளை அடக்கி அனுப்பினேன். அன்றைக்கு அவள் சொன்னதைக் கொஞ்சம் காதில் வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. என் கடையில் அபூர்வமாகப் பெஞ்சில் உட்கார்ந்த ஆள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"எந்த ஊரு?"

"தொப்பம்பட்டிப் பக்கமுங்க."

"இங்க என்ன சோலி?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

"யாரப் பாக்க? கூட யாரு வந்திருக்கா? பையில என்ன?"

அவர் பதில் சொல்வதற்குள், ரோட்டில் போன ஒருவர், "ஏட்டையா, சௌக்கியமா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். வந்தவரின் முகம் மாறியது. பாதி டீயை அப்படியே வைத்தார். காசைக் கொடுத்தார். வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

பை பெஞ்சிலேயே கிடந்தது.

ஐயோ பாவம், விட்டுவிட்டுப் போகிறாரே என்று பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கூப்பிட்ட விதம்தான் பாழாய்ப் போனது. "ஏலே! நில்லுடா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தவர், என்னைக் கண்டதும் ஓட ஆரம்பித்தார்.

நானும் ஓடினேன். ஓடுகிறவனைக் கண்டால் என் கால் சும்மா இருக்காது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது: கொஞ்ச தூரம் போனதும் என் கையில் பை இருப்பதே எனக்கு மறந்துபோனது. ஒன்றும் செய்யாதவன் எதற்கு ஓடுகிறான் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. திருடன் என்று நினைத்துக் கடைத்தெரு ஆட்களும் கூட ஓடி வந்தார்கள். அவர் ரோட்டோரச் சாக்கடையைத் தாண்டப் பார்த்து, கால் மடங்கி உள்ளே விழுந்தார். நான் குதித்து இறங்கி அவர் கையைப் பின்பக்கமாக முறுக்கிப் பிடித்தேன்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க சாமி."

"பின்ன எதுக்குடா ஓடுன?"

"நீங்க நில்லுன்னீங்க. அதானுங்க ஓடுனேன்."

அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. நான் குதித்தபோது நழுவி, சாக்கடை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்த குழந்தைத் துணிகளும், பிள்ளைக்குக் கட்ட ஒரு வசம்பும் மண்ணில் சிதறிக் கிடந்தன. என் கை தானாக விட்டுவிட்டது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

ஜட்கா வண்டி பிடித்து, நானே அவரைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாவுக்கட்டுப் போட ஆள் வந்ததும், துணிகளைத் தட்டி மடித்துப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். நான் வேட்டியும் துண்டுமாகத்தான் நின்றேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. "தாயி, ஒன் வீட்டுக்காரருக்குக் கால்ல கொஞ்சம் அடி" என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தப் பையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அவரு என்னங்க தப்புப் பண்ணுனாரு?" என்றாள்.

 பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் ஊர் திரும்பும்வரை எங்கள் வீட்டிலிருந்துதான் கஞ்சியும் ரசச் சோறும் போயின. என் மனைவியும் கூட வருவாள். அவளிடம் அந்தப் பெண் நன்றாகச் சிரித்துப் பேசுவாள். நான் வார்டு வாசலில் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும்.

கடையை அந்த வருடமே வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டேன். அதே பாய்லர், அதே பெஞ்சுதான். ஒரு மாதத்தில் அங்கே உட்கார இடமில்லை. நான் ஒரு புகையிலைக் கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். வருகிறவர் போகிறவரைச் சந்தேகமாகப் பார்ப்பதற்குச் சம்பளம். என் மூத்த மகளைப் படிப்பிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறு வருடம், மனசு கேட்காமல், பழம், ரொட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு தொப்பம்பட்டிப் பக்கம் அவரைத் தேடிப் போனேன். கால் சரியாகக் கூடாமல் விந்தி விந்தி நடந்தார். கட்டோடு படுத்திருந்த அந்தப் பட்டத்தில் விதைக்க முடியாமல், குத்தகை நிலம் வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்குக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்துவிட்டு, அந்தக் காலோடு நின்றுகொண்டே இருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

"உக்காரப்பா" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரியமாகத்தான் சொன்னேன். அவருக்கு அது உத்தரவாகவே கேட்டிருக்கிறது.

போலீஸ் வேலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலை என் குரலிலும் பார்வையிலும் எவ்வளவு ஊறியிருந்தது என்று தெரியாமல், சட்டையை மட்டும் கழற்றிவிட்டு வந்தது என் தவறு. இப்போதெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம் ஊர் கேட்க வாயெடுத்தால், முதலில் என் ஊரைச் சொல்லி, என் பிள்ளைகளைச் சொல்லி, அவராகக் கேட்கும்வரை காத்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டால், அன்றைக்கு மட்டும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.