மூன்றாவது மாடியில் நாலு தறி

திருப்பதியில் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஓர் அபார்ட்மெண்டில், மூன்றாவது மாடியில் யாரோ திருட்டுத்தனமாகப் பவர்லூம் ஓட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சும்மா கிளம்பவில்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தறிச் சத்தம் ஆரம்பிக்கும். நாலு மணிக்கு நிற்கும். நடுவில், சரியாக இரண்டே முக்காலுக்கு, ஓர் ஆண்குரல் "நூல் அறுந்துபோச்சு, நிறுத்து!" என்று கத்தும். தறி நிற்காது. வேலையாள் முதலாளி பேச்சைக் கேட்பதில்லை என்பதை வைத்தே, இது அசல் தறிதான் என்று வாட்ச்மேன் பாலையா தீர்ப்புச் சொல்லிவிட்டான். அங்கே காட்டன் புடவை மலிவாகக் கிடைக்கிறதாம் என்றுகூட இரண்டாவது மாடியில் தகவல் இருந்தது.

விசாரித்ததில், அந்த வீட்டில் தறி இல்லை. கௌசிகா இருந்தாள், அவளுடைய நாலு மாதப் பெண்குழந்தை இருந்தது.

கௌசிகா, தறிகள் நிறைந்த நகரி ஊர்க்காரி. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா முனிரத்தினத்துக்கு வீட்டோடு ஒட்டி நாலு பவர்லூம். தலைப்பிரசவத்துக்குப் போனவளின் தூளிக்கும் தறிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். "எங்க பாப்பா தறி சத்தத்துலயே எப்டி தூங்குது பாரு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் நைனா பெருமை அடித்துக்கொண்டார். தறிச் சத்தத்தில் மட்டும்தான் தூங்கும் என்பது மூன்றாம் மாதம் திருப்பதிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் கணவன் யோகேஷோ, குழந்தைக்கு அமைதி வேண்டுமென்று ஊரெல்லாம் அலைந்து, ஈ பறந்தால் கேட்கிற வீடாகப் பிடித்திருந்தான். விடிவதற்குள் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் ஏறி, அந்த அமைதியிலிருந்து அவன் தப்பித்துவிடுவான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் குழந்தை பால் குடிக்கிறதா, எடை ஏறியதா என்று கேட்டார்கள். பூண்டு துன்னு என்றார்கள், மாங்காய் துன்னாதே என்றார்கள். கௌசிகாவை ஒரு பால் பூத்தாக நினைத்து, சரக்கு நிலவரம் விசாரித்துவிட்டுப் போனார்கள். தடுப்பூசி போடும் நர்ஸ் லட்சுமம்மாதான் முதன்முதலாக, "நீ தூங்குனியாம்மா?" என்று கேட்டாள். கௌசிகா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"பாப்பா தூங்கசொல்ல நீயும் படு. பாத்திரம் கெடக்கட்டும், அதுக்கு என்னா காய்ச்சலா வந்துடப்போவுது? வேளைக்கி துன்னு. ரெண்டு வாரத்துல இந்த அழுகை நிக்கலன்னா என்னாண்ட வா. டாக்டராண்ட இட்டுக்கினு போறேன்."

பாப்பா தூங்கினால்தானே? கௌசிகா நைனாவுக்குப் போன் போட்டாள். அவர் செல்போனைத் தறிமேல் வைத்து இரண்டு மணி நேரம் ரெக்கார்டு செய்து அனுப்பினார், தன் கூச்சலையும் சேர்த்து. ஒரு சின்ன ஸ்பீக்கரை இரும்பு பீரோமேல் வைத்து ஓடவிட்டால், பீரோவே நடுங்கியது. பாப்பா தூங்கியது. தறி வீட்டில் பிறந்த அம்மாவும் தூங்கினாள். பத்தே நாளில் அழுகை குறைந்தது, சோறு இறங்கியது.

பதினோராவது நாள், இரண்டு இருபதுக்கு, அசோசியேஷன் செயலாளர் சடகோபன் பெல் அடித்தார். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கௌசிகா ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு கதவையும் திறந்தாள்.

"எத்தினி தறிம்மா?"

"நாலு, அங்கிள்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று சடகோபன் எதிர்பார்க்கவில்லை. "லைசென்ஸ் இருக்குதா?"

"அதெல்லாம் நைனாவதான் கேக்கணும்."

உள்ளே வந்தவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பாத்ரூமில் பார்த்தார். கடைசியில் பீரோமேல் கைப்பிடி அளவு ஸ்பீக்கரைக் கண்டுபிடித்து, அதை அமுக்கினார். மூன்று விநாடி அமைதி. பிறகு பாப்பா ஆரம்பித்தது.

"ஏன் அங்கிள் நிறுத்துனீங்க?" கௌசிகா பாப்பாவை வாரி எடுத்தாள். "நாள் பூரா எனக்குன்னு இருக்கறது இந்த ரெண்டு மணி நேரம்தான். செத்த கண்ண மூடிக்கினு இருந்தேன். பெல் அடிச்சி அதையும் துன்னுட்டீங்களே!"

இரண்டு பெண்களை வளர்த்தவர் சடகோபன். அதாவது, அவர் ஆபீஸ் போய் வருவதற்குள் அவர்கள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். "இப்ப என்னம்மா பண்ணணும்?"

"இவள புடிங்க. அத மறுபடியும் போடுங்க. நாலு மணிக்கி எழுப்புங்க."

பாப்பாவை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளறையில் போய் விழுந்தாள் கௌசிகா. சடகோபன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நூல் அறுந்துபோச்சு!" என்று நைனா கத்தியபோது மட்டும் திடுக்கிட்டு எழுந்து நின்றார். மூன்று முப்பத்தைந்துக்கு, தறிச் சத்தத்தை ஓட்டிக்கொண்டிருந்த கௌசிகாவின் போனில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜர் உள்ளறையில். பாப்பாவின் உதடு பிதுங்கியது. முப்பத்தைந்து வருட சர்வீஸில் செய்யாத ஒரு வேலையைச் சடகோபன் செய்தார்.

"டடக்... டடக்... டடக்... டடக்..."

உதடு சமாதானமானது, கண் சொருகியது. அந்த நேரம் பார்த்து வாசலில் பாலையா. "ஏமி சார், மிஷின் கெடச்சிதா?" என்றவன், மிஷினை நேரிலேயே பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

பாப்பா வீறிட்டது. கௌசிகா எழுந்து வந்தாள். "நாலு ஆயிடிச்சா அங்கிள்?"

"மூணு நாப்பதும்மா."

"அப்ப இருவது நிமிசம் பாக்கி."

"நாளைக்கி வந்து குடுத்துடறேன்" என்றார் சடகோபன்.

மூன்றாவது மாடியில் தறி எதுவும் இல்லை என்று மறுநாள் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினார். இரண்டு முதல் நாலு வரை அந்த வீட்டுப் பெல்லை யாரும் தொடக்கூடாது என்றும் எழுதினார். அவர் மட்டும் வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், இருபது நிமிடப் பாக்கிக்கு அடையாளமாகக் கௌசிகா இரண்டு விரலைக் காட்டுகிறாள். அவர் தண்ணீர் டேங்கைப் பார்க்கப் போகிறவர்போல விறுவிறுவென்று மேலே ஏறிவிடுகிறார்.