பாடல்: மரபு

தீபாவளி நெருங்கும் நேரத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போவது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமில்லை. நான் வருடா வருடம் போகிறேன். கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று சுபாங் ஜெயாவில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனால், கடைக்குக் கடை ஓர் ஒலிபெருக்கி. ஒன்றின் பாட்டு இன்னொன்றின் பாட்டை அடித்து வீழ்த்தும். முறுக்கு எண்ணெய் வாசனையும் மல்லிகை வாசனையும் சாக்கடை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும். போன வருடம் அந்த இரைச்சலுக்கு நடுவே என் அம்மா சிரித்தாள்.

அம்மா போய்ப் பல வருடமாகிறது. நான் பித்துப்பிடித்தவள் அல்ல. ஒரு புடைவைக் கடை வாசலில் இருந்த ஆளுயர ஒலிபெருக்கியிலிருந்து, மேளச் சத்தத்துக்கு மேலே, முதலில் அடித்தொண்டையில் தொடங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் விக்கல்போல ஒரு சின்ன ஒலியோடு முடியும் அந்தச் சிரிப்பு கேட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த விக்கல் கிடையாது. நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி, "சாரி ஆன்டி" என்றார்.

கடைக்குள் போய்க் கல்லாவில் இருந்த பெண்ணிடம், "இது என்ன பாட்டும்மா?" என்று கேட்டேன்.

"இதுவா அக்கா? இப்ப செம வைரல் லா. நம்ம ஊரு பையன் போட்டதுதான். அந்தச் சிரிப்பு வருதில்ல, அதுக்குத்தான் எல்லாரும் ஆடுறாங்க," என்று சொல்லித் தன் கைப்பேசியை நீட்டினாள். 'இசை: கவின்' என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், 'பாடல்: மரபு'.

மரபாம்! கட்டியவர் பெயர் தெரியாததாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உங்களை மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும்.

நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா ஷா ஆலாமில் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் வந்து முச்சந்தியில் ஹார்ன் அடிக்கும், அம்மா இடியப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். பள்ளியின் வருடக் கடைசி விடுமுறையில் மட்டும் இருவருக்கும் ஒன்றாக விடுப்பு அமையும். அப்போதுதான் மோரிப். எங்களிடம் ஒரு பழைய மஞ்சள் கார் இருந்தது. அதன் பின்கதவு ஒன்று திறக்காது, இன்னொன்று மூடாது. மூடாத கதவைப் பிடித்துக்கொள்வது தம்பி சேகரின் பொறுப்பு.

பாந்திங் சாலையில் இருபக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். மடியில் சார்டின் மீன் சம்பல் டப்பா. அந்த வாசனை இன்றும் எங்கேயாவது வந்தால் எனக்குக் கடல் தெரியும். கடல் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மோரிப்பில் பாதி நேரம் கடல் எங்கோ தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். நமக்குக் கிடைப்பது சேறும் நண்டும்தான். ஆனாலும் போவோம். போகும் வழியெல்லாம் அப்பா பாடுவார்.

*மோரிப்புக்குப் போவோமா, மூட்டை முடிச்சு கட்டவா,
மழை வந்தா நனைவோமா, மணல அள்ளிக் கொட்டவா...*

இது எங்கள் வீட்டுப் பாட்டு. வேறெங்கும் கேட்டிருக்க முடியாது. ஒரு விடுமுறையில் அம்மா தன் தொழிற்சாலையில் மூலை நசுங்கிப்போய் ஊழியர்களுக்கு மலிவாகக் கொடுத்த ஒரு கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்தாள். அதை மடியில் வைத்து அப்பா பாடுவதைப் பதிவு செய்தாள். பாதிப் பாட்டில் அவளே சிரித்துவிட்டாள். பிறகு, "கண்ணாடிய ஏத்துங்கடா, மழ வருது" என்று அவள் சொல்வதோடு பதிவு முடிகிறது. அம்மாவின் குரல் எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

வலைப்பூ எழுதுவது நாகரிகமாக இருந்த காலத்தில் நானும் ஒன்று தொடங்கினேன். எனக்குப் பிடித்த பாட்டுகள், எங்கள் விடுமுறைகள், இவைதான் அதில் இருக்கும். மற்றவர்கள் அரசியல் எழுதிச் சண்டை போட்டார்கள். நான் மழையில் நனைந்த பாயைப் பற்றி எழுதினேன். 'கோடை விடுமுறை நினைவுகள்' என்று ஒருமுறை தலைப்பு வைத்துவிட்டேன். சென்னையிலிருந்து ஒருவர், "உங்கள் ஊரில் கோடை எப்போது?" என்று கேட்டார். எங்களுக்கு ஏது கோடை? காலையில் வெயில், மாலையில் மழை, வருடம் முழுக்க இதேதான். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தால் அது கோடை என்று பதில் போட்டேன். அந்தப் பதிவில்தான் கேசட் பாட்டையும் ஏற்றினேன். சேகரின் மகள் அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தாள். 'அப்பா கட்டிய பாட்டு' என்று பெருமையாக எழுதினேன். சிரம்பானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் தங்கள் வீட்டுப் பாட்டுகளைச் சிலர் எழுதி அனுப்பினார்கள். அப்புறம் எல்லாரும் வேறு வேறு தளங்களுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் காலியான வீட்டில் விளக்கேற்றுவதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ரவிக்கைத் துணி வாங்காமலேயே வீடு திரும்பி அந்தப் பதிவைத் திறந்தேன். பாட்டு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். 'இந்த ஒலிப்பதிவின் உரிமை வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால் நீக்கப்பட்டுள்ளது.'

வேறொருவருக்கு! என் அப்பாவின் குரல், என் அம்மாவின் சிரிப்பு, எங்கள் மஞ்சள் காரின் இன்ஜின் சத்தம். இதற்கு நான் திருடியாம். சேகருக்குப் போன் செய்து கத்தினேன்.

"அக்கா, விடு லா," என்றான். "அம்மா சிரிப்ப ஊரே கேக்குது. சந்தோஷப்படேன்."

"ஊரு கேக்கட்டும்டா. அது யாரு சிரிப்புன்னு சொல்லிட்டுக் கேக்கட்டும்."

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்," என்று வைத்துவிட்டான். மூடாத கதவைப் பிடித்துக்கொண்டு வந்தவன், இப்போது எதையும் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

அந்தக் கவினுக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். சேகரின் மகள் யார் யாரையோ கேட்டு அவன் எண்ணைப் பிடித்துக் கொடுத்தாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேலே அவன் ஸ்டூடியோ இருந்தது. படியேறும்போது என்னென்ன வசவுகள் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவன் என் மகன் வயதுப் பையன். "வாங்க ஆன்டி, மைலோ குடிக்கிறீங்களா?" என்றான். பாதி வசவு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது ஆன்டி. யாரோ ஃபார்வர்ட் பண்ணாங்க. நாட்டுப்புறப் பாட்டுன்னு நெனச்சேன். பழைய பாட்டுன்னா யாரோடதுமில்லதானே?"

"யாருன்னு தேடிப் பாத்தியா?"

 என் வலைப்பூவில் பாட்டை நீக்கியது தான் அல்ல, தன் பாட்டை வெளியிடும் நிறுவனத்தின் கணினி தானாகச் செய்தது என்றான். எல்லாம் தானாக நடக்கிறது, யாரும் எதுவும் செய்வதில்லை. பிறகு திரையில் பாட்டைத் துண்டு துண்டாகக் காட்டினான். "இந்த சாம்பிள்தான் ஆன்டி பாட்டுக்கே உயிர்," என்று ஒரு நீலத் துண்டைத் தொட்டான். அம்மா சிரித்தாள். மறுபடி தொட்டான், மறுபடி சிரித்தாள். அந்தத் துண்டுக்கு அவன் வைத்திருந்த பெயர் 'ஓல்ட் லேடி லாஃப்'.

நின்றுபோன மீதி வசவு அப்போது வெளியே வந்தது. "ஓல்ட் லேடியா? அப்ப எங்கம்மாவுக்கு முப்பது வயசுகூட ஆகல. சாம்பிளாம் சாம்பிள்! அது எங்கம்மாடா!"

பையன் எழுந்து நின்றுவிட்டான். கண் கலங்கியிருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "மாத்திடறேன் ஆன்டி. உரிமை கேட்டத வாபஸ் வாங்கச் சொல்றேன். யாரு பேரு போடணும், சொல்லுங்க," என்றான்.

அப்பாவின் பெயர்தான், வேறு யார் பெயர்? ஆனால் எந்த எழுத்தில், எப்படிப் போட வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அப்பா சேகர் வீட்டில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. முன்கூடத்தில் உட்கார்ந்து சம்பா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"பா, மோரிப் பாட்டுக்கு உங்க பேரு போடப் போறாங்க. முழுப் பேரு போடவா?"

"என் பேரு எதுக்கு?"

"நீங்க கட்டுன பாட்டுக்கு வேற யாரு பேரு போடுவாங்க?"

"நான் எங்க கட்டுனேன்?" என்றார், மிளகாயிலிருந்து கண்ணெடுக்காமல். "அது உங்கம்மா கட்டுனது."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஃபேக்டரில லைன்ல உக்காந்து கட்டுவா. வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் குடுப்பா. அவளுக்கு நாலு பேரு முன்னாடி பாட வெக்கம். எனக்குத்தான் தொண்ட இருந்துச்சே. கேசட்டுல ஏன் சிரிக்கிறான்னு நெனைக்கிற? நடுவுல ஒரு வரிய நான் முழுங்கிட்டு அடுத்த வரிக்குத் தாவிட்டேன். அதான்."

"ஏம்பா இத்தன வருஷமா சொல்லல? கல்யாண வீட்ல, கோயில்ல, எல்லா எடத்துலயும் உங்க பாட்டுன்னுதானே பாடுனீங்க?"

"என் பாட்டுன்னு நான் சொல்லலையே. யாருதுன்னு யாரு கேட்டா?"

எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.  கவின் என்ன சொன்னானோ அதையே என் அப்பாவும் சொல்கிறார். அவனாவது முகம் தெரியாதவன். இவர் அவளோடு குடும்பம் நடத்தியவர். திரும்பி வந்து, "நீங்களாச் சொல்லியிருக்கணும்பா. கேக்காட்டியும் சொல்லியிருக்கணும்," என்று காதருகே உரக்கச் சொன்னேன். சேகர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். அப்பா மிளகாய்த் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆமா," என்றார். அவ்வளவுதான்.

கோபம் மனிதர்களோடு நிற்கவில்லை, இலக்கணத்தின் மேலும் திரும்பியது. இதுவரை நான் எழுதியதையே பாருங்கள். அப்பா 'பாடுவார்', அம்மா 'சிரித்தாள்'. கை தானாக அப்படித்தான் போகிறது. திருத்திப் பார்த்தேன். 'அம்மா சிரித்தார்' என்றால் யாரோ தலைமையாசிரியை சிரித்த மாதிரி இருக்கிறது. அழித்துவிட்டுப் பழையபடியே விட்டுவிட்டேன். அதற்கும் கோபம்.

கவின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். 'பாடல்: ராஜம்மா, கிள்ளான்' என்று மாற்றினான். என் வலைப்பூவில் பாட்டு திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் ஊரெல்லாம் பரவிய பிரதிகளில் இன்னும் 'மரபு' என்றுதான் இருக்கிறது. அவற்றை யார் போய்த் திருத்துவது? பொங்கல் வருவதற்குள் வேறு பாட்டு வந்து இதைத் தள்ளிவிட்டது.

அப்பா விழுங்கிய அந்த வரி என்ன என்று அவரிடம் கேட்டேன். பாடிப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் நின்றுவிடுகிறார். நாற்காலிக் கையில் விரலால் தாளம் மட்டும் போடுகிறார். கடைசியில், "காப்பார்ல கமலா இருக்கால்ல, அவளக் கேளு. ரெண்டு பேரும் ஒரே லைன்ல உக்காந்தவங்க," என்றார்.

போனேன். கமலா அக்கா இப்போது மகள் வீட்டில், முழங்கால் வலியோடு இருக்கிறார். வேலை செய்த தொழிற்சாலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். மோரிப் பாட்டின் முதல் வரியைப் பாடிக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, ராஜம்மா பாட்டா! விடுமுறைன்னா ஒன்னு, தீபாவளின்னா ஒன்னு, யாருக்காவது கல்யாணம் நிச்சயமானா ஒன்னு. எங்க லைன்ல ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக் கட்டிக் குடுத்திருக்கா. சூப்பர்வைசர் வந்தா நிறுத்துவோம், போனா பாடுவோம்."

"உங்களுக்குக் கட்டுனத பாடுங்கக்கா."

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தார். என் கையில் கைப்பேசி பதிவு செய்யத் தயாராக இருந்தது. மின்விசிறி ஓடியது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். அக்கா வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மறந்துபோச்சும்மா," என்றார். "என் பேரு வரும் அதுல. அது மட்டும் ஞாபகம் இருக்கு."