ஒன்பது மதிப்பெண் வாங்கிய பீர்

உணவுத் தொழில்நுட்பம் படித்த நான், பல நாட்டு பீர்களைச் சுவைத்து, நிறம், நுரை, மணம், கசப்பு என்று கட்டம் போட்டு மதிப்பெண்ணோடு இணையத்தில் எழுதுகிறேன். பெங்களூரில் பப் திறக்கவிருந்த தோழி ரேவதி, என் பட்டியலை நம்பித்தான் சரக்கு எடுப்பதாக இருந்தாள். கோவில்பட்டியில் என் வீட்டுக்கு வந்தவளுக்கு, நான் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்திருந்த ஜெர்மன் பீரை ஊற்றினேன்.

முகர்ந்ததும் தள்ளி வைத்தாள். "தீக்குச்சி உரசின நாத்தம்டி. இது கெட்டுப்போனது."

அந்தக் கந்தக வாடை பீரில் பெரிய குறை என்று பாடமாகவே படித்திருக்கிறேன். ஆனால் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. வீட்டை ஒட்டியிருக்கும் எங்கள் தீப்பெட்டி ஆலையிலிருந்து அம்மா வந்தாள். கிளாஸை நீட்டினேன்.

"ஏட்டி, இந்தக் கருமத்த நானும் குடிக்கணுமாக்கும்?" என்றவள், மோந்து மட்டும் பார்த்தாள். "நம்ம வீட்டு வாடைதான அடிக்குது. இதுல என்ன குத்தம்?"

ரேவதி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'மனதுக்கு நெருக்கமான மணம்' என்று அந்த பீரைப் பற்றி எழுதியிருந்தேன்.

அன்றே என் எல்லா விமர்சனங்களின் கீழும் ஒரு வரி சேர்த்தேன்: 'எழுதியவள் தீப்பெட்டி ஆலைப் பக்கத்தில் வளர்ந்தவள். கந்தக வாடை அவள் மூக்குக்குத் தெரியாது.'

இப்போதெல்லாம் மணத்துக்கான கட்டத்தை நிரப்பும் முன், வேறு ஊர்க்காரர் யாரையாவது முகரச் சொல்கிறேன்.